அக்காவின் வளையலும் தங்கையின் விண்ணப்பமும்



சென்ற மாதம் அஸர் தொழுகைக்குப் பின் ஒரு தந்தை பள்ளிவாசல் திண்ணையில் நம்மருகே வந்து அமர்ந்தார். அவருடைய மகள் பி.எஸ்சி. நர்சிங் முடித்து, ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நான்கு ஆண்டுகளாகப் பணிபுரிகிறார். இப்போது மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க விரும்புகிறார். "ஹஜ்ரத், வேலைக்கு அனுப்பினதுக்கே ஊர்ல பேச்சு. இதுக்கு மேலயும் படிக்க வச்சா மாப்பிள்ளை அமையுமா?" என்று கேட்டார். மார்க்கம் என்ன சொல்கிறது என்று அவர் கேட்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் இதே கேள்வியோடு வந்த இன்னொருவருக்கு, "போதும், நிக்காஹ்வை முடியுங்கள்" என்று பதில் சொன்னவர்கள் நாமேதான். அந்தப் பெண் இன்று பணியிலும் இல்லை, படிப்பிலும் இல்லை. அந்தப் பதிலைச் சொல்ல நாம் எந்தக் கிதாபையும் புரட்டவில்லை. ஆகவே, கீழே வரும் கடுமையான சொற்களில் முதல் பங்கு நமக்குரியது.

அந்தப் பெண் விரும்புவது என்ன? தீவிர சிகிச்சையில் செவிலியரை உயர்நிலைப் பொறுப்புக்குத் தயாரிக்க இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்துள்ள 'நர்ஸ் பிராக்டிஷனர்' முதுகலைப் படிப்பு. இரண்டு ஆண்டுகள். பி.எஸ்சி. பட்டமும், பதிவும், குறைந்தது ஓராண்டுப் பணி அனுபவமும் வேண்டும். பாடத்தின் பெரும்பகுதி நோயாளியின் படுக்கையருகிலேயே நடக்கிறது. பேறுகாலத் துறையிலும் இதுபோல ஒன்று உண்டு. 2018-ல் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, அது 18 மாதப் பயிற்சி. டிப்ளமா மட்டும் முடித்தவர்கள் முதலில் இரண்டாண்டு போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. முடித்துவிட்டு முதுகலைக்குச் செல்லலாம்.

இப்போது நம் வழக்கத்தைப் பாருங்கள். கீழக்கரையானாலும் பெரியபட்டணமானாலும் தொண்டியானாலும், வீட்டில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வலி கண்டால் நாம் கேட்கும் முதல் கேள்வி: "பெண் டாக்டர் இருக்காங்களா? பெண் நர்ஸ்தானே பார்ப்பாங்க?" கேட்பது சரிதான், அவ்ரத்தைப் பேணுவது கடமை. ஆனால் அந்தப் பெண் யார் வீட்டிலிருந்து வர வேண்டும்? அடுத்த வீட்டார் தம் மகளைப் படிக்கவைத்து அனுப்ப வேண்டும், நம் வீட்டார் பயனை மட்டும் பெற வேண்டும் என்பது எந்த வகைப் பேணுதல்? மருத்துவம் ஃபர்ளு கிஃபாயா என்று எழுதிய இமாம் கஸ்ஸாலி (ரஹ்), மார்க்கச் சட்டம் படிக்கக் கூட்டம் கூடுகிறது, எத்தனையோ ஊர்களில் முஸ்லிம் மருத்துவரைத்தான் காணோம் என்று 'இஹ்யா'வில் கடிந்துகொள்கிறார். மதரஸாக்களில் 'இஹ்யா'வை ஓதிக்கொடுக்கும் நாம் அந்தப் பக்கத்தை விரைந்து கடந்துவிடுகிறோம்.

அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களுக்குச் சிகிச்சை நடந்தது மஸ்ஜிதுந் நபவியில் இருந்த ருஃபைதா (ரலி) அவர்களின் கூடாரத்தில். உம்மு அதிய்யா (ரலி) நபி (ஸல்) அவர்களோடு ஏழு போர்களுக்குச் சென்று நோயாளிகளைக் கவனித்தவர். இவர்கள் காலத்தில் ஊர்ப்பேச்சு இல்லாமலா இருந்தது?

இரவுப் பணியைக் காட்டிச் சிலர் மறுக்கின்றனர். அந்தப் பெண் ஏற்கெனவே இரவுப் பணி பார்க்கிறார். அந்த ஊதியத்தில்தான் தம்பியின் கல்லூரிக் கட்டணம் செல்கிறது. பணம் வரும்போது ஹலாலாக இருந்த இரவு, படிப்பு என்றதும் ஹராமாகிவிடுமா? மஹ்ரம் துணை பற்றிய கேள்வியை நாம் மறுக்கவில்லை. கொழும்புக்கும் துபாய்க்கும் போய்வரும் தந்தைக்கும் தமையனுக்கும், மகளைச் சென்னைவரை அழைத்துச் சென்று தகுந்த விடுதியில் சேர்த்துவர இயலாதா? ஆண் நோயாளியைத் தொடுவது பற்றி, அவசியத்தின் எல்லை அறிந்த ஆலிமிடம் கேளுங்கள், திண்ணையில் கேட்காதீர்கள்.

பணமில்லை என்பவர்களிடம் மட்டும் நாம் தணிந்து பேசுவோம். இராமேஸ்வரத்துப் பிள்ளை அப்துல் கலாம் எம்.ஐ.டி.யில் சேர ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டபோது, அக்கா ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தார். நம் கடற்கரையில் இதை அறியாத வீடில்லை. மேடைதோறும் சொல்லிப் பெருமைப்படுகிறோம். ஆனால் தங்கையின் படிப்புக்காகத் தன் பைக்கை விற்ற அண்ணனை நம் தெருவில் நாம் இதுவரை கண்டதில்லை. சீர்வரிசைக்கு நகையை அடகு வைக்கிறோம், கல்யாண மண்டபத்துக்குக் கடன் வாங்குகிறோம். விண்ணப்பக் கட்டணம் என்றதும் கை சுருங்குகிறது.

அந்தத் தந்தையிடம் இதையெல்லாம் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, பணி அனுபவச் சான்றிதழை மருத்துவமனையில் யாரிடம் கேட்டு வாங்க வேண்டும் என்று கேட்டார். அது மகளுக்கே தெரியும் என்றோம். கல்லூரிக்குக் கவுன்சிலின் அங்கீகாரம் இருக்கிறதா, விடுதி எப்படி இருக்கிறது என்று நேரில் பார்க்க, இன்ஷா அல்லாஹ், வரும் சனிக்கிழமை இரவு ரயிலில் அவரும் மகளும் செல்கின்றனர்.