கடலோரத் தோட்ட வீடு

பட்டணத்தில் உழைத்துக் களைத்த குடும்பஸ்தர் பலருக்கு ஒரு கனவு உண்டு. சமுத்திரக் கரையில் ஒதுக்குப்புறமாக ஒரு தென்னந்தோப்பு; நடுவே ஓட்டு வீடு; ஓரத்தில் மாட்டுக் கொட்டிலும் தேங்காய் போட்டு வைக்க ஒரு கொட்டகையும்; கிணற்றடியில் நாலு வாழை. இந்தக் கனவில் நாம் குறை காணவில்லை. ஆனால் ஆயுட்காலச் சேமிப்பைக் கொடுத்துக் கிரயப் பத்திரம் பதிவு செய்வதற்கு முன்னால் நேயர்கள் யோசிக்க வேண்டிய விஷயங்கள் சில உண்டு.

தரகர் முதலில் காட்டுவது கடலை. கடலோ விற்பனைக்கு உரியதன்று. விலைக்கு வருபவை மண்ணும், கிணறும், அவற்றுக்கான காகிதமுமே.

கிணற்றை முதலில் பாருங்கள். கரையோர மணலுக்கடியில், பெய்த மழைநீர் உப்புநீரின்மேல் மிதந்து கிடக்கிறது. நல்ல நீரின் மட்டம் கடல் மட்டத்துக்கு 1 அடி உயர்ந்திருந்தால் அதற்குக் கீழே சுமார் 40 அடி வரையில் நல்ல நீர் இருக்கும் என்பது விஞ்ஞானிகளின் கணக்கு. பம்பு வைத்து ஓயாமல் இறைத்து அந்த 1 அடியையும் இழந்தால், அடியிலிருக்கும் உப்பு மேலேறி வரும். ஐப்பசி மழையில் இனித்த கிணற்றைச் சித்திரையிலும் ஒரு தடவை ருசி பார்ப்பது நல்லது.

அடுத்தது காகிதம். பட்டா, புல வரைபடம், 30 வருஷத்து வில்லங்கச் சான்று ஆகியவற்றை வைத்துக்கொண்டு நிலத்தை அளந்து பாருங்கள். வீடு பட்டா நிலத்திலும் கொட்டகை புறம்போக்கிலும் நிற்பதுண்டு. பத்திரத்தில் எழுதிவிட்டதனாலேயே புறம்போக்கு ஒருவருக்குச் சொந்தமாகிவிடாது.

1991-இல் மத்திய சர்க்கார் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையை வெளியிட்டது. 2011-லும் 2019-லும் அதற்குப் பதிலாகப் புதிய அறிவிக்கைகள் வந்தன. கடலோரத்தில் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையில் உள்ள நிலம் இதற்கு உட்பட்டது. ஜன நெருக்கமில்லாத கிராமக் கரையில் முதல் 200 மீட்டருக்குள் புதிதாக வீடு கட்டிக்கொள்ள இடமில்லை. முறையான அனுமதியுள்ள பழைய வீட்டைப் பழுது பார்க்கலாம், பெருக்க முடியாது. விதியை மீறினால் நேர்வது என்ன? கொச்சிக்கு அடுத்த மரடில் காயலோரமாக எழுந்த நான்கு அடுக்குமாடிக் குடியிருப்புகளை இடிக்கும்படி 2019-இல் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. 2020 ஜனவரியில் அவை வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன. கட்டியவர்கள் செய்த தவறுக்கு, பணம் கொடுத்துக் குடியேறிய குடும்பங்கள் வீட்டை இழந்தன.

கடைசியாக ஒன்று. 'தனிமையான இடம்' என்று தரகர் புகழ்வார். கடற்கரையில் அப்படி ஓர் இடம் அபூர்வம். தோப்பின் ஓரமாகச் செல்லும் ஒற்றையடிப் பாதை, பக்கத்துக் குப்பத்து ஜனங்கள் தலைமுறை தலைமுறையாகக் கடலுக்குப் போகும் வழி. எதிரே உள்ள மணல் அவர்கள் வலை காயப்போடும் களம். 2015-இல் சென்னை வெள்ளத்தில் மிதந்தபோது, தெருத்தெருவாகப் படகு கொண்டுவந்து மாடி வீட்டுக்காரர்களையும் கரை சேர்த்தவர்கள் மீனவர்களே. புயல் நாளில் கடலோர வீட்டின் கதவைத் தட்டி எச்சரிக்கக் கூடியவர்களும் அவர்கள்தாம்.

கிணறும் காகிதமும் சரியாயிருந்தால் தாராளமாக வாங்குங்கள். வேலி போடும்போது மட்டும் அந்தப் பாதையை விட்டுப் போடுங்கள்.