மென்பொருளுக்கு முன் ஒரு தாள்

ஜிஎஸ்டி மின்-விலைப்பட்டியல் 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ள நிறுவனங்களுக்குக் கட்டாயமாயிற்று. 2023 ஆகஸ்டு முதல் 5 கோடியைத் தாண்டியவற்றுக்கும் அது பொருந்துகிறது. மூன்றே ஆண்டுகளில் பெருநிறுவனங்களின் கடமை சிறுதொழிலின் வாசலுக்கு வந்துவிட்டது. இந்நிலையில், அவசரமாக மென்பொருளை வாங்கிவிட்டுத் தொழிலை அதற்குள் திணிப்பது முறையன்று என்பதே நம் கருத்து.

முதலில் ஒரு தாளை எடுப்போம். கொள்முதல், இருப்பு, விற்பனை, வசூல் ஆகியவற்றின் விவரம் எங்கே பிறக்கிறது, யார் பதிகிறார், யாருக்குத் தேவை என்று எழுதுவோம். ஒரே சரக்குக்குக் கிடங்கில் ஒரு பெயரும் விலைப்பட்டியலில் வேறு பெயரும் இருந்தால், கணினி அப்பிழையைத் திருத்தாது, விரைந்து பெருக்கும்.

இதன் விளைவு சிறிதன்று. நடைமுறை மூலதனக் கடனில் எவ்வளவு எடுக்கலாம் என்பதை வங்கி, இருப்பையும் வரவேண்டிய தொகையையும் கொண்டே கணக்கிடுகிறது. அவை பிழையானால் நம் கடன் வரம்பும் பிழையாகும்.

ஆகவே பழைய முறையையும் புதியதையும் ஒரு மாதமேனும் இணையாக நடத்தி ஒப்பிடுவோம். திட்டமிடும்போது கணக்கருடன் கிடங்குக் காப்பாளரையும் அமர்த்துவோம். இருப்பின் முதல் பதிவு அவர் கையில்தான் உள்ளது.