சிவப்பு மையில் போட்ட தப்பு

உப்பளத்துக்கு வேலைக்குப் போகும் ஓர் அம்மாவின் மகன், நான்காம் வகுப்பு. 52-லிருந்து 27-ஐக் கழி என்றால் 35 என்று எழுதுவான். நானும் சளைக்காமல் சிவப்பு மையில் தப்பு போடுவேன். ஒருநாள் பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டேன்.

"பெரிய எண்ணுலேருந்துதான் சின்ன எண்ணைக் கழிக்கணும்னு நீங்கதானே சார் சொன்னீங்க? ஏழுல ரெண்டு போனா அஞ்சு" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் பேச்சைத்தான் அவன் ஒழுங்காகக் கேட்டிருக்கிறான்! அவனுக்கு முன்னால் எத்தனை பிள்ளைகளுக்கு அதே தப்பைப் போட்டேனோ!

1978-லேயே அமெரிக்காவில் ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இருவர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். கணக்கில் பிள்ளைகள் செய்யும் பிழைகள் பல கவனக்குறைவால் வருபவை அல்ல, தவறான ஒரு விதியைப் பிசகாமல் பின்பற்றுவதால் வருபவை என்பது அவர்கள் கண்டது.

கணினியில் பாடம் சொல்லித்தரும் மென்பொருள் என்றாலே, "அதெல்லாம் புரோகிராம் எழுதத் தெரிந்தவர்கள் வேலை" என்று நம் வயதுக்காரர்கள் ஒதுங்கிவிடுகிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய சி.டி.ஏ.டி. என்ற கருவியைப் பேத்தி காட்டிய பிறகு எண்ணம் மாறியது. திரையில் கட்டங்களை அமைத்து, கணக்கை நாமே ஒருமுறை போட்டுக் காட்டினால் போதும். ஒவ்வொரு படியையும் அது பதிந்துகொள்ளும். பிறகு பிள்ளைகள் போடுவதுபோலத் தப்பாகவும் போட்டுக் காட்டி, 'இந்தத் தப்பு வந்தால் இதைச் சொல்' என்று எழுதிவைக்கலாம். ஒரு வரி புரோகிராம்கூடத் தேவையில்லை.

நான் 35-ஐத்தான் முதலில் போட்டுக் காட்டினேன். "இரண்டு ரூபாய் வைத்திருப்பவன் ஏழு ரூபாய் கொடுக்க முடியுமா? பத்து ரூபாய் நோட்டை மாற்றி வா" என்று குறிப்பு எழுதினேன். அந்த ஒரு கணக்குக்கே அன்றைய பொழுது போய்விட்டது.

கருவியை யாரும் பழகிக்கொள்ளலாம். எந்தப் பிள்ளை எங்கே தடுக்கும் என்பது வகுப்பில் நின்றவருக்குத்தான் தெரியும். விடியுமுன் அம்மா பாத்தியில் உப்பு வார இறங்கிவிட, சாப்பிடாமல் பள்ளிக்கு வந்த பிள்ளையின் முகம் எந்தக் கருவிக்கும் தெரியாது. அதற்கு ஆள்தான் வேண்டும்.

கொரோனாவுக்குப் பிறகு 'இல்லம் தேடிக் கல்வி' 2021 அக்டோபர் 27 அன்று நம் மரக்காணம் பக்கத்து முதலியார்குப்பத்தில்தான் தொடங்கியது. மாலை நேரத்தில் பாடம் சொல்லித்தர அன்று முன்வந்தவர்கள் பெரும்பாலும் நம் பிள்ளைகள் வயதுக்காரர்கள். அவர்களிடம் கொடுக்க நம்மிடம் ஒரு நோட்டுகூட இல்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். கணினி பிறகு வரட்டும். உங்கள் பாடத்தில் பிள்ளைகள் எழுதிய தவறான விடைகள் பத்தையும், அவர்கள் ஏன் அப்படி எழுதினார்கள் என்பதையும் எழுதிவையுங்கள். நமக்குப் பின் அதைச் சொல்ல ஆள் இருக்காது.

என் நோட்டில் இதுவரை ஆறு சேர்ந்திருக்கிறது. முதல் பக்கத்தில் 35.