கரூர் ரோமன் காசு: முகத்தை விடுங்க, பின்பக்கம் பாருங்க

லம்பா லைனில் உட்கார்ந்து போனைத் தள்ளும்போது 'அமராவதி ஆத்துல கிடைச்ச ரோமன் காசு, விற்பனைக்கு'ன்னு ஒரு விளம்பரம் வந்தா? அசலாகவும் இருக்கலாம். கரூர், மதுரை, திருக்கோவிலூரில் கிடைத்த ரோமன் செப்புக்காசுகள் பற்றி, தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி 1994-இல் தனி நூலே எழுதினார்.

இவை பெரும்பாலும் 4, 5-ஆம் நூற்றாண்டுச் சில்லறை. பேரரசர் முகம் தேய்ந்தே இருக்கும், அதை நம்பாதீங்க. பின்பக்கம் இரண்டு வீரர்கள், நடுவில் படைக்கொடி தெரிந்தால் கான்ஸ்டன்டைன் குடும்பத்துக் காலம், கி.பி. 330-கள். அதன் அடியில் 'ஏ, என், டி' என்ற எழுத்துகள் மிஞ்சியிருந்தால் அந்தியோக்கியா அக்கசாலை. புளி போட்டுத் தேய்த்தால் அதுவும் போயிடும்!

ரோமர்கள் காசை அடித்தார்கள். விளிம்பைச் சுற்றி வார்ப்புக் கோடு ஓடினால் சந்தேகப்படுங்க.

அசல்னாலும் விற்பவரிடம் ஒரு கேள்வி பாக்கி: கலெக்டரிடம் சொன்னாரா? மண்ணில் கிடைத்த புதையல் 10 ரூபாய்க்கு மேல் பெறுமானால், சொல்லியே ஆகணும் என்கிறது 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டம்.