ஸ்பீடோமீட்டர் முள் ஆடினால் கேபிளைக் கழற்றி விடாதீர்கள்

காரைக்குடியில் செக்காலை ரோட்டில் நிற்கிற பழைய பைக்குகளின் மீட்டரைக் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். நிறைய வண்டிகளில் முள் பூஜ்யத்திலேயே படுத்துக் கிடக்கும். குனிந்து பார்த்தால் மீட்டருக்கு அடியில் கேபிளே இருக்காது. காரணம் கேட்டால் அனேகமாக ஒரே பதில்தான்: "முள்ளு சும்மா ஆடிக்கிட்டே இருந்துச்சு தம்பி, கிறீச் கிறீச்னு சத்தம் வேற. கழட்டி விட்டாச்சு."

தலைவலிக்குத் தலையைக் கழற்றிய கதைதான் இது :-) என்னைக் கேட்டால் இரண்டு காரணங்களுக்காக இது தப்பு. ஒன்று, ஆடுகிற முள்ளைச் சரிசெய்வது பெரிய வித்தை இல்லை. இரண்டு, நீங்கள் கழற்றுவது முள்ளை மட்டும் இல்லை, வண்டியின் கணக்குப் புத்தகத்தையும் சேர்த்து. நான் படிப்பது பி.காம். என்பதால் இந்த இரண்டாவது விஷயம் கொஞ்சம் அதிகமாகவே உறுத்துகிறது.

முதலில் மீட்டருக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். முன் சக்கரம் சுற்றும்போது ஹப்பில் இருக்கும் பல்சக்கரம் கேபிளின் உள்கம்பியைச் சுழற்றுகிறது. (சில பழைய வண்டிகளில் இது கியர்பாக்ஸிலிருந்து வரும்.) அந்தக் கம்பி மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுற்ற வைக்கிறது. காந்தத்தை ஒட்டி, ஆனால் தொடாமல், ஒரு அலுமினியக் கிண்ணம் இருக்கும். காந்தம் சுற்றச் சுற்ற கிண்ணத்தில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, அதையும் கூடவே இழுக்கும். மெல்லிய சுருள் ஸ்பிரிங் ஒன்று அதைத் திருப்பி இழுக்கும். இந்த இழுபறியில் கிண்ணம் எங்கே நிற்கிறதோ அதுதான் முள் காட்டும் வேகம். ஜெர்மனியின் ஓட்டோ ஷுல்ஸே 1902-இல் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு இது. திருவொற்றியூரில் 1956-லிருந்து தயாரான புல்லட், 1985-இல் வந்து 1996-இல் நின்றுபோன யமஹா ஆர்.எக்ஸ்.100, மைசூரில் செய்த யெஸ்டி எல்லாவற்றிலும் ஓடியது இதே தத்துவம்தான்.

கிலோமீட்டர் எண்களைத் திருப்புவது மட்டும் காந்தம் இல்லை, பல்சக்கரங்கள். ஆனால் அதற்கும் சக்தி வருவது அதே கேபிளிலிருந்து.

முள் ஏன் ஆடுகிறது? பெரும்பாலும் கேபிள் வறண்டு போனதால். உள்கம்பி எங்காவது உரசிச் சிக்கிக்கொள்ளும். கீழே சக்கரம் சுற்றிக்கொண்டே இருப்பதால் கம்பி முறுக்கேறி, பிறகு சட்டென்று விடுபட்டு ஒரு துள்ளு துள்ளும். முள்ளும் கூடவே துள்ளும். இதில் கவனிக்க வேண்டியது, முள் ஆடினாலும் கிலோமீட்டர் கணக்கு தப்பாது. கீழே நூறு சுற்று என்றால், நின்று நின்று வந்தாலும் மேலேயும் நூறு சுற்றுதான். ஆக, ஆடுகிற முள் "கேபிளைக் கொஞ்சம் கவனி" என்று சொல்கிறது, அவ்வளவுதான். கவனிக்காமல் விட்டால் ஒருநாள் கம்பி அறுந்துவிடும். அப்போதுதான் கணக்கு நிற்கும்.

சரி, வேலைக்கு வருவோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும்.

வண்டியை சென்டர் ஸ்டாண்டு போடுங்கள். மீட்டருக்கு அடியில் இருக்கும் நட்டைக் கையாலோ குறடாலோ பக்குவமாகத் திருகி, கேபிளைக் கழற்றுங்கள். பின்னால் ஒருவர் கேரியரை அழுத்திப் பிடித்தால் முன் சக்கரம் தரையிலிருந்து எழும்பும். சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே கேபிளின் மேல்முனையைப் பாருங்கள். கம்பி சீராகச் சுற்றினால் கோளாறு அநேகமாக மீட்டரில். திக்கித் திணறிச் சுற்றினால் கேபிளிலோ ஹப்பிலோ.

கேபிள்தான் என்றால் உள்கம்பியை உருவி எடுங்கள். (சில வண்டிகளில் கீழ்முனையையும் கழற்றினால்தான் வரும்.) மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துவிட்டு, வழவழப்பான தரையில் வைத்து உருட்டிப் பாருங்கள். சமமாக உருண்டால் நல்ல கம்பி. எங்காவது எகிறிக் குதித்தால் அந்த இடத்தில் மடிந்திருக்கிறது. இழை பிரிந்திருந்தாலும் சரி, முனை தேய்ந்து உருண்டையாகிவிட்டாலும் சரி, மாற்றிவிட வேண்டியதுதான். சாதாரண 100 சிசி வண்டிக்குப் புதுக் கேபிள் விலை ஒரு தடவை பெட்ரோல் போடும் காசுக்குள் முடிந்துவிடும்.

கம்பி நன்றாக இருந்தால் கிரீஸை மெல்லிசாகத் தடவுங்கள். ஆனால் மேல்முனையில் ஒரு சாண் அளவுக்குத் தடவ வேண்டாம். கம்பி திருகு போலச் சுற்றுவதால் கிரீஸை மேலே ஏற்றிக்கொண்டே போகும். அது மீட்டருக்குள் போய்க் கிண்ணத்தில் அப்பிக்கொண்டால் முள் நிரந்தரமாகவே தப்பாகக் காட்டும். மேலிருந்து என்ஜின் ஆயிலை ஊற்றுகிற வைத்தியம் வேண்டவே வேண்டாம்.

திரும்ப மாட்டும்போது ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்பிப் பாருங்கள். கேபிள் எங்கும் விறைக்கவோ ஒடிந்து வளையவோ கூடாது. நம்ம பக்கத்துச் செம்மண் புழுதி கீழ்முனை வழியாகத்தான் உள்ளே ஏறும் என்பதால் அங்கே ரப்பர் மூடி இருக்கிறதா என்றும் பாருங்கள். இன்னொன்று, முன் சக்கரம் பஞ்சர் ஒட்டிய பிறகு கோளாறு ஆரம்பித்திருந்தால் ஹப்பைச் சந்தேகப்படுங்கள். மீட்டர் பல்சக்கரத்தின் காதுகள் சக்கரத்தின் பள்ளத்தில் சரியாக உட்காராமல் ஆக்ஸிலை இறுக்கினால் காது நசுங்கிவிடும். சக்கரத்தை மாட்டும்போது பக்கத்தில் நின்று பார்ப்பது நல்லது.

மீட்டரே கெட்டிருந்தால் மட்டும் அதற்கென்று இருக்கும் மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள். அந்த ஸ்பிரிங் தலைமுடி மாதிரி. நாம் நோண்டினால் அதோடு சரி.

எல்லாம் முடிந்ததும் மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்று பார்க்க மெஷின் தேவையில்லை. கூட்டம் இல்லாத நேரத்தில் தேவகோட்டை ரோட்டில் 40-இல் நிதானமாகப் போங்கள். பின்னால் உட்கார்ந்திருப்பவர் ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல் வரை நேரம் பார்க்கட்டும். 90 விநாடி வந்தால் முள் சொல்வது உண்மை.

இனி அந்தக் கணக்குப் புத்தக விஷயம்.

"முள்ளப் பாத்தா ஓட்றோம், என்ஜின் சத்தமே சொல்லிடும்" என்பார்கள். அனுபவசாலிகளுக்கு வேகம் தெரியலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கிலோமீட்டர்? ஆயில் மாற்றுவது, செயின் பார்ப்பது, பிளக் மாற்றுவது எல்லாம் கிலோமீட்டரை வைத்துத்தான். மைலேஜ் குறைகிறதா என்று கண்டுபிடிப்பதும் அதை வைத்துத்தான். ஆர்.எக்ஸ்.100-இல் பெட்ரோல் மீட்டரே கிடையாது. டேங்க் நிரப்பி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று பார்த்து வைத்தால்தான் எப்போது தள்ள வேண்டிவரும் என்பது தெரியும்.

அதைவிடப் பெரிய சிக்கல் வண்டி கைமாறும்போது வருகிறது. கேபிள் கழற்றிய வண்டி நாலு வருஷம் ஓடினாலும் மீட்டர் பழைய எண்ணிலேயே நிற்கும். அந்தக் கிலோமீட்டர் எல்லாம் அனாமத்துக் கணக்கில் போகிறது. விற்பதற்கு முதல் நாள் கேபிளை மாட்டிவிட்டு "வண்டி ஓடவே இல்ல, மீட்டரப் பாருங்க" என்றால் ஏமாறுவது யார்? இருக்கிற காசைத் திரட்டி செகண்ட் ஹேண்ட் வண்டி வாங்குகிற கொத்தனார், கல்லூரி மாணவன், பால் ஊற்றுகிறவர். புது வண்டி வாங்க வசதியுள்ளவருக்கு இந்தக் கவலை கிடையாது.

வணிகச் சட்டப் பாடத்தில் 'வாங்குபவரே விழித்திரு' என்ற கொள்கை வரும். 1930-ஆம் வருட சரக்கு விற்பனைச் சட்டத்தின் 16-ஆவது பிரிவு. பரீட்சைக்கு எல்லோரும் மனப்பாடம் செய்வோம். ஆனால் அது விற்பவருக்குக் கொடுத்த முழு லைசென்ஸ் இல்லை. தெரிந்த உண்மையை வேண்டுமென்றே மறைப்பது மோசடி என்று 1872-ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு சொல்கிறது. கேபிளைக் கழற்றி ஓட்டிவிட்டு மீட்டரைக் காட்டி விலை பேசுவது இதில் எந்தப் பக்கம் வரும் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். கழற்றியதை மறைக்காமல் சொல்லி விற்றால் எனக்கு எந்த ஆட்சேபமும் இல்லை.

வாங்குகிறவர்களும் மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். பழைய மீட்டர்கள் பலவற்றில் ஐந்து இலக்கம்தான். 99,999-க்குப் பிறகு மறுபடி பூஜ்யம். மீட்டர் 18,000 காட்டுகிறது, ஃபுட்ரெஸ்ட் ரப்பரும் பிரேக் பெடலும் மழுங்கி வழவழவென்று இருக்கின்றன என்றால் நம்ப வேண்டியது ரப்பரைத்தான்.

சட்டப்படியும் மீட்டர் அலங்காரப் பொருள் இல்லை. 1989-ஆம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் 117-ஆவது விதி ஸ்பீடோமீட்டர் கட்டாயம் என்கிறது. 15 வருஷம் முடிந்து பதிவைப் புதுப்பிக்க வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தும்போது இதெல்லாம் நினைவுக்கு வந்து பிரயோஜனம் இல்லை.

வரவு செலவைப் பைசா சுத்தமாகப் பேரேட்டில் எழுதி வைத்து, கடல் கடந்து பர்மாவரைக்கும் போய் வியாபாரம் செய்தவர்களின் ஊர் இது. அந்த ஊரில் ஓடுகிற வண்டியில் கணக்கு மட்டும் நின்றுபோய் இருக்கலாமா? கொஞ்சம் மண்ணெண்ணெய், ஒரு விரல் கிரீஸ், ஒரு மணி நேரம். இந்த ஞாயிறே கழற்றிப் பாருங்கள். பார்த்துவிட்டு மறக்காமல் திரும்ப மாட்டுங்கள்.