பார்வை குறைந்த பிள்ளைக்கு மந்தன் என்று பெயரா?

கரும்பலகையில் எழுதியதைப் பிழையாகப் பார்த்தெழுதும் பிள்ளைக்கு நம் நாட்டிற் கிடைக்கும் பட்டம் 'மந்தன்' என்பது. அருகிலிருப்பவனின் கொப்பியை எட்டிப் பார்த்தால் 'கள்ளன்' என்ற பட்டமும் சேர்ந்து கிடைக்கும். அவனுடைய கண்ணிற் குறை இருக்கலாம் என்ற எண்ணம் ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் கடைசியிலேயே உதிக்கின்றது. பிள்ளையோ முறையிடுவதில்லை. உலகம் எல்லோருக்கும் இப்படித்தான் மங்கலாகத் தெரிகிறதென்று அது நம்பிக்கொண்டிருக்கிறது. இந்த அநீதி இனியும் தொடரலாகாது என்பதே நமது அபிப்பிராயம்.

இதனை வற்புறுத்த மானிப்பாய்க்குத் தனி உரிமை உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் இவ்வூரில் வைத்தியக் கல்வியை வளர்த்தார். 1864 முதல் அதனைத் தமிழிலேயே போதித்தார். மேல்நாட்டு வைத்திய நூல்கள் பலவற்றைத் தமிழாக்கினார். கிறீன் நினைவு வைத்தியசாலை இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. வைத்திய அறிவை மக்களுக்கு அவர்கள் மொழியில் வழங்கிய இந்த மண்ணில், ஒரு பிள்ளையின் பார்வைக் குறை ஆண்டுக்கணக்காக எவர் கண்ணிலும் படாமற் போனால் அது நமக்கு இழுக்கன்றோ?

கிட்டப்பார்வை எனப்படும் குறும்பார்வை, பெரும்பாலும் கண்கோளம் முன்பின்னாக அளவுக்கு மிஞ்சி நீள்வதால் உண்டாவது. தொலைவிலுள்ள பொருளின் ஒளி விழித்திரைக்கு முன்னரே குவிவதால் உருவம் மங்குகின்றது. நீண்ட கண்கோளம் மீண்டும் குறுகுவதில்லை. குறை மிக அதிகரித்தால் பிற்காலத்தில் விழித்திரை விலகிப் பார்வையே பறிபோகும் அபாயமும் உண்டு.

பெற்றோர் வழி வருவது ஒரு காரணம். ஓயாத படிப்பும், கண்ணருகே பிடித்த கைத்தொலைபேசியும், பகல் வெளிச்சத்தில் விளையாடாமையும் ஏனைய காரணங்கள். சீனாவின் குவாங்சோ நகரில் 12 ஆரம்பப் பாடசாலைகளில் நடந்த ஆராய்ச்சியொன்றின் முடிவு 2015இல் வெளியாயிற்று. நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் விடப்பட்ட பிள்ளைகளில் மூன்றாண்டுகளில் கிட்டப்பார்வை புதிதாகத் தோன்றியது நூற்றுக்கு 30.4 பேருக்கு, மற்றவர்களில் 39.5 பேருக்கு. தாய்வான் 2010 முதல் நாளொன்றுக்கு 120 நிமிடம் பிள்ளைகளை வெளியில் இருக்கச் செய்யும் திட்டத்தை நடத்துகின்றது.

நாமோ எதிர்த்திசையிற் போகின்றோம். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிற் பரீட்சைக்காகப் பத்து வயதும் நிரம்பாத பிள்ளைகளைப் பாடசாலை விட்டதும் தனியார் கல்வி நிலையத்துக்கு ஓட்டுகின்றோம். சனியும் ஞாயிறும் அங்கேயே கழிகின்றன. வெயிலுக்குப் பஞ்சமில்லாத குடாநாட்டிலே பிள்ளைகளுக்கு மட்டும் வெயிற் பஞ்சம்!

குறை கண்டபின்னும் ஒரு தடை எழுகின்றது. கண்ணாடி அணிந்தாற் கண் மேலும் கெடும் என்பார் சிலர். பெண் பிள்ளைக்குக் கண்ணாடி எதற்கு என்பார் வேறு சிலர். இவை வெறும் மூடநம்பிக்கை. தேவையிலும் குறைந்த வலுவுள்ள கண்ணாடியை அணிவித்தபோது குறை விரைந்து வளர்ந்ததாக 2002இல் வெளியான மலேசிய ஆராய்ச்சி காட்டிற்று. சீனக் கிராமப்புறங்களில் இலவசக் கண்ணாடி பெற்ற பிள்ளைகளின் கணிதப் புள்ளிகள் உயர்ந்ததை 2014இல் வெளியான ஆராய்ச்சி நிறுவிற்று. மூளை மந்தமென்று நாம் முத்திரை குத்தியவர்களில் எத்தனை பேருக்கு வேண்டியது ஒரு சோடிக் கண்ணாடி மட்டுமே!

சுகாதார வைத்திய அதிகாரியின் பொறுப்பில் நடைபெறும் பாடசாலை மருத்துவப் பரிசோதனையை நாம் குறை கூறவில்லை. ஆயின் அது பொதுவாக 1, 4, 7, 10 ஆகிய வகுப்புகளுக்கே உரியது. வளரும் கண் மூன்றாண்டு காத்திராது. ஆண்டுதோறும் ஒவ்வொரு பிள்ளையின் பார்வையையும் வகுப்பாசிரியரே அளக்க வேண்டும். எழுத்து அட்டையொன்றும், ஆறு மீற்றர் தூரமும், சிறிது பயிற்சியும் இதற்குப் போதும். குறையுள்ள பிள்ளையைக் கண் சிகிச்சை நிலையத்துக்கு அனுப்புவதோடு கடமை முடிந்துவிடாது. கண்ணாடி கிடைத்ததா, பிள்ளை அதனை அணிகின்றதா என்றும் பார்க்க வேண்டும். வறிய பிள்ளைக்கு அதனைப் பொதுச் செலவில் வழங்க வேண்டும்.

இதன் பேறுகளை யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் துணையுடன் ஆண்டுதோறும் தொகுத்து வெளியிடுவதும் அவசியம். குவாங்சோவின் கணக்கு நமக்கு வழிகாட்டலாம்; அது மானிப்பாயின் கணக்காகிவிடாது. எத்தனை பிள்ளைகள், எந்த வயதில், எந்தப் பாடசாலையில் என்பது தெரிந்தாலன்றித் திட்டம் தீட்டுவதெப்படி?

கொழும்பு தரவில்லை என்ற வழக்கமான பதில் இங்கே செல்லாது. சுகாதாரமும் கல்வியும் 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் மாகாணங்களுக்குப் பகிர்ந்தளித்த துறைகள். வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்ததை நாம் மறக்கவில்லை. எனினும் மாகாணத்தின் சுகாதாரத் திணைக்களமும் கல்வித் திணைக்களமும் அத்தோடு முடிந்துவிடவில்லை. மேலும் அதிகாரம் வேண்டுமென்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. கையிலிருப்பதைக் கொண்டு நம் குழந்தைகளின் கண்ணைக் காக்கும் கடமையும் நமக்கே உண்டு.

அதிகாரிகள் பரிசோதனையைத் தொடங்கட்டும். அதிபர்கள் நாளுக்கு ஒரு மணி நேரமேனும் பிள்ளைகளை முற்றத்துக்கு விடட்டும். பெற்றோர் மாலை வேளையைப் பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுக்கட்டும். கரும்பலகை தெரியாத பிள்ளையை மந்தன் என்று அழைக்குமுன், அதன் கண்ணை ஒருமுறை அளந்து பார்ப்போம்.