கால்நடைகளுக்கான பாலம்

"நடைமேம்பாலம் கட்டிக் கொடுத்திருக்கிறோம், ஜனங்கள்தான் ஏறுவதில்லை. உயிரைப் பற்றிக் கவலையில்லாதவர்கள், ஒழுங்கற்றவர்கள்." சாலை விபத்து பற்றி எந்தக் கூட்டத்தில் பேச்சு எழுந்தாலும் இந்த வாசகம் எங்கிருந்தோ வந்து உட்கார்ந்துவிடுகிறது. அதிகாரி சொல்கிறார், காரில் போகிறவர் சொல்கிறார், நாளிதழின் ஆசிரியருக்குக் கடிதம் எழுதுபவர் சொல்கிறார். நம் இலக்கிய நண்பர்களும் சற்று நாகரிகமாக, 'குடிமை உணர்வு' என்ற சொல்லை முன்னால் நிறுத்தி இதையே சொல்கிறார்கள். இது பொய் என்பது என் தரப்பு. அந்தப் படிகளில் ஏறாதவர்கள் கணக்குத் தெரிந்தவர்கள். கணக்கில் தவறியவர்கள் பாலத்தைத் திட்டமிட்டவர்களே.

ஓசூரை எடுத்துக்கொள்வோம். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. அசோக் லேலண்டும் டி.வி.எஸ்ஸும் டைட்டனும் அடுத்தடுத்து வந்தன. இப்போது கெலமங்கலம் பக்கம் டாடா எலெக்ட்ரானிக்ஸ், போச்சம்பள்ளிப் பக்கம் ஓலா. முன்பு ஏழாம் எண் கொண்டிருந்து 2010இல் 44 ஆன தேசிய நெடுஞ்சாலை, ஜூஜூவாடியில் கர்நாடக எல்லையைக் கடந்து, ஓசூரை ஊடறுத்து, பேரண்டப்பள்ளி, சூளகிரி வழியாகக் கிருஷ்ணகிரிக்கு இறங்குகிறது. நான்கு வழியாக இருந்தது, பிறகு ஆறு வழியாயிற்று. ஒருபுறம் ஆலை, மறுபுறம் தொழிலாளியின் வாடகை அறை. ஒருபுறம் பள்ளிக்கூடம், மறுபுறம் ஊர். தெலுங்கும் கன்னடமும் தமிழும் ஒரே தெருவில் புழங்கும் இந்த நிலத்தில் மாநில எல்லையைக் கடப்பது எவருக்கும் பெரிய காரியமாக இருந்ததில்லை. சாலையைக் கடப்பதுதான் இன்று பெரிய காரியம்.

கணக்குக்கு வருவோம். நெடுஞ்சாலைக்கு மேலே போகும் பாலம், கன்டெய்னர் லாரி இடிக்காமலிருக்க, ஐந்தரை மீட்டர் இடைவெளி விட்டாக வேண்டும். பாலத்தின் கனத்தையும் சேர்த்தால் நடப்பவர் ஏறவேண்டிய உயரம் ஏறத்தாழ ஆறரை மீட்டர். படிக்கு 15 சென்டிமீட்டர் என்று வைத்தால் 43 படிகள். ஏறுவதற்கு இரண்டு மாடி, இறங்குவதற்கு இரண்டு மாடி. எட்டு மணிநேரம் நின்றபடி வேலை செய்து வருகிற பெண் இதைத் தினமும் இருமுறை செய்யவேண்டும் என்கிறோம். படிகள் வேண்டாம், சாய்தளம் போடலாம் என்றால், சக்கர நாற்காலிக்கு உரிய பன்னிரண்டுக்கு ஒன்று என்ற சரிவில் ஒரு பக்கத்துக்கு மட்டும் 78 மீட்டர் நீளம் வேண்டும். சைக்கிளை மூச்சுத் திணறாமல் மிதித்து ஏற இருபதுக்கு ஒன்று என்று வைத்தால் 130 மீட்டர். அதற்கு இடமில்லை, நிதியில்லை என்று சாய்தளத்தை வரைபடத்திலேயே அழித்துவிடுகிறார்கள். சாலையின் குறுக்களவோ முப்பது மீட்டர் சொச்சம். நேராக நடந்தால் அரை நிமிடம். இந்த இரண்டில் எதைத் தேர்வார் மனிதர்? நீங்கள் எதைத் தேர்வீர்கள்?

2022இல் இந்தியச் சாலைகளில் இறந்த பாதசாரிகள் 32,825 பேர். மத்திய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட எண் இது. அவர்கள் எல்லாரையும் ஒழுங்கற்றவர்கள் என்று சொல்லிவிட்டால் மேற்கொண்டு யோசிக்க ஒன்றும் மிச்சமில்லை. அந்த வசதிக்காகத்தான் அந்த வாசகம் உயிரோடு இருக்கிறது.

நெடுஞ்சாலையின் மீது நிற்கும் இரும்புப் படிக்கட்டு நடப்பவனுக்காகக் கட்டப்பட்டது என்பதே ஒரு மாயை. நடப்பவன் குறுக்கே வராமல் வாகனம் வேகம் குறையாமல் போகவேண்டும் என்பதற்காகக் கட்டப்பட்டது அது. பயன் வாகனத்துக்கு, ஏற்றம் கால்களுக்கு. அதன் பெயரை 'வாகன வசதிப் பாலம்' என்று மாற்றிவிட்டால் குறைந்தபட்சம் பேச்சாவது நேர்மையாக இருக்கும்.

பாலங்களின் பாரக் கணக்கைச் சொல்லும் ஐ.ஆர்.சி. 6 என்ற விதித்தொகுப்பு ஒன்று இருக்கிறது. பாதசாரிகளும் விலங்குகளும் மட்டுமே செல்லும் பகுதிகளுக்குச் சதுர மீட்டருக்கு 400 கிலோ என்று கொள்ளச் சொல்கிறது. நகரை ஒட்டியும் யாத்திரைத் தலங்களிலும் கூட்டம் சேரும் இடங்களுக்கு 500 கிலோ. நெடுஞ்சாலைத் திட்டங்களின் சுரங்கப்பாதைப் பட்டியலிலும் பாதசாரியும் மாடும் ஒரே இனம். இதற்காகப் பொறியாளரைக் கோபித்துக்கொள்ள மாட்டேன். பாரத்துக்கு இருவரும் ஒன்றுதான். தமிழே இவ்விஷயத்தில் முந்திக்கொண்டது: கால்நடையாகப் போகிறவனும் கால்நடைதான், கட்டுத்தறியில் நிற்பதும் கால்நடைதான். ஆனால் பாரத்தில் மட்டும் சமம், மரியாதையில் இன்னும் ஒரு படி கீழே என்றே தோன்றுகிறது. சானமாவுக் காட்டுப் பக்கம் யானைக்கூட்டம் நெடுஞ்சாலையைக் கடக்கும்போது வனத்துறையினர் இருபுறமும் வாகனங்களை நிறுத்திவைக்கிறார்கள். மிகச் சரியான காரியம். யானைகளுக்குக் குடிமை உணர்வில்லை என்று இதுவரை எவரும் கடிதம் எழுதவில்லை.

சைக்கிளின் கதை இதைவிட மோசம். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது மாவட்ட ஆட்சியர். பி.சாய்நாத் அதை எழுதி உலகறியச் செய்தார். சைக்கிள் மிதித்த பெண்ணைக் கேலிசெய்த ஊர்களில் ஆயிரக்கணக்கானவர்கள் மிதித்தார்கள். பிறகு 2001–02இல் தமிழக அரசு பள்ளி மாணவியருக்கு இலவசச் சைக்கிள் தரத் தொடங்கி, சில ஆண்டுகளில் திட்டத்தை விரிவாக்கியது. இவ்வளவும் செய்துவிட்டு, அந்தச் சைக்கிள் போகவேண்டிய வழியில் 43 படிகளை நிறுத்துகிறோம். பதினைந்து கிலோவுக்கு மேல் எடையுள்ள சைக்கிளைப் புத்தகப் பையோடு எந்தப் பெண் தூக்கிக்கொண்டு ஏறுவாள்? படியோரமாகச் சக்கரம் உருளக் கையகலத்தில் ஒரு சரிவுக் காடி விட்டால் தள்ளிக்கொண்டாவது போகலாம். அதுகூட நம்மில் அரிது. அரசின் ஒரு கை சைக்கிள் தருகிறது, இன்னொரு கை அதைச் சாலையோரம் நிறுத்துகிறது.

நம் பத்திரிகைகளில் நடத்தல் பற்றி எவ்வளவு எழுதப்படுகிறது! நடைப்பயணம், நடையின் தியானம், தனிமை, மலைப்பாதை. ராமநாயக்கன் ஏரிக்கரைக்குக் காரில் போய், இறங்கி நடந்து, மீண்டும் காரில் திரும்புவதும் நடைதான், மறுக்கவில்லை. வேறு வழியில்லாமல் நடப்பவனின் நடை மட்டும் ஏனோ நம் எழுத்தில் நடையாகக் கணக்கிடப்படுவதில்லை. 1930இல் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு ஏறத்தாழ 240 கிலோமீட்டர் உப்புக்காக நடத்திச் சென்ற ராஜாஜி, ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்தவர். அவர் அரசியலில் எனக்கு உடன்பாடு குறைவு. இருந்தும் இந்த மண்ணில் நடப்பதைப் பற்றிப் பேசும்போது அவர் நினைவு வராமல் இருப்பதில்லை.

பாலம் என்றாலே வெறுப்பவன் என்று என்னை எண்ணிவிட வேண்டாம். ஆற்றின் மீது போடும் நடைபாலம் முற்றிலும் வேறு பிறவி. கரை எந்த மட்டத்தில் இருக்கிறதோ அங்கிருந்தே அது தொடங்குகிறது, ஏறச் சொல்வதில்லை. பள்ளம் நீருடையது, பாலம் மனிதனுடையது. இந்த மாவட்டத்தில் பாலம் கேட்டு நிற்கும் இடங்கள் இவைதாம், இங்கேதான் பாலம் இல்லை.

தென்பெண்ணை நந்தி மலைப் பக்கம் பிறந்து, பெங்களூரின் கழிவைச் சுமந்துகொண்டு ஓசூர் எல்லைக்குள் வருகிறது. கெலவரப்பள்ளி அணையிலிருந்து நீர் திறந்தால் நுரை மலைபோல எழுகிறது. நந்திமங்கலம் பக்கத்துத் தரைப்பாலத்தை வெண்ணுரை முழுதாக மூடிய படங்களை நாளிதழ்களில் பார்த்திருப்பீர்கள். தரைப்பாலம் என்பது சிக்கனத்தின் உச்சம்: நீர் இல்லாதபோது பாலம், நீர் வந்தால் ஆறு. ஆனால் பாலம் தேவைப்படுவதே நீர் வரும்போதுதானே? 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் ஊத்தங்கரையில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. இதே தென்பெண்ணையின் கீழ்ப்பகுதியில், திருவண்ணாமலை மாவட்டம் அகரம்பள்ளிப்பட்டில், ஏறக்குறைய 16 கோடி ரூபாயில் கட்டி மூன்று மாதம் முன்பு திறந்திருந்த பெரிய பாலம் அந்த வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. எல்லா இடத்திலும் லாரிக்கான பாலத்தையே கேட்பது, அது கிடைக்கும்வரை தரைப்பாலத்தில் இடுப்பளவு நீரில் நடப்பது என்ற இரண்டு நிலைகளுக்கு நடுவே ஒன்று இருக்கிறது. அதை எட்டிப்பார்க்க நாம் எல்லையைக் கடந்தால் போதும்.

கர்நாடகத்தின் சுள்யாவைச் சேர்ந்த கிரீஷ் பாரத்வாஜ் இயந்திரவியல் படித்தவர். 1989இல் அரம்பூர் மக்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் பயஸ்வினி ஆற்றின் குறுக்கே ஒரு தொங்குநடைபாலம் அமைத்தார். ஊரார் உடலுழைப்பைத் தந்தார்கள். அதன் பிறகு கர்நாடகத்திலும் கேரளத்திலும் வேறு மாநிலங்களிலுமாக நூற்றுக்கும் மேற்பட்ட பாலங்கள். 2017இல் பத்மஸ்ரீ தந்தார்கள். நேபாளம் இதையே நாட்டின் திட்டமாக எடுத்துக்கொண்டு, சுவிட்சர்லாந்தின் உதவியோடு பல ஆயிரம் நடைபாலங்களை மலைப்பாதைகளில் கட்டியிருக்கிறது. இவற்றில் மந்திரம் ஒன்றுமில்லை. இரு கரையிலும் தூண், எஃகு வடம், வடத்திலிருந்து தொங்கும் கம்பிகள், நடக்கத் தளம், வடத்தை இழுத்துப் பிடிக்கும் நங்கூரக் கட்டை.

அந்த நங்கூரம்தான் விஷயம். அறுபது மீட்டர் நீளம், ஒன்றேகால் மீட்டருக்குச் சற்றுக் குறைந்த அகலம் என்று ஒரு பாலத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஆள்நிறைந்த நிலையில், சொந்த எடையும் சேர்ந்து, மீட்டருக்கு 630 கிலோ என்று வைப்போம். வடம் நடுவில் ஆறு மீட்டர் தொய்ந்தால் கரையில் அது இழுக்கும் கிடைவிசை சுமார் 47 டன். பார்வைக்கு அழகாக, தொய்வை மூன்று மீட்டராகக் குறைத்தால் விசை இரட்டிப்பாகும். எவ்வளவு நிமிர்ந்து நிற்க ஆசைப்படுகிறதோ அவ்வளவுக்குக் கரையின் பாறை தாங்கவேண்டும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பகுதிகளில் பாறைக்குப் பஞ்சமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அகலத்தைப் பற்றி மட்டும் ஒரு மறுப்பு: இந்த அளவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டுதான் போகலாம், எதிரே ஒருவர் வந்தால் ஒதுங்க வழியில்லை. இரண்டு மீட்டராவது வேண்டும். செலவு ஏறும்தான், ஏறட்டும்.

உடனே மோர்பியைச் சொல்வார்கள். சொல்லவேண்டும். குஜராத்தின் மோர்பியில் 2022 அக்டோபர் 30 அன்று தொங்குபாலம் அறுந்து 135 பேர் இறந்தார்கள். சிறப்புப் புலனாய்வுக் குழு கண்டது என்ன? ஒரு முதன்மை வடத்தின் 49 கம்பிகளில் 22 முன்பே துருப்பிடித்துப் போயிருந்தன. வடத்தை மாற்றாமல் தளத்தை மட்டும் புதிதாக்கி, பாரச் சோதனை செய்யாமல், கூட்டத்துக்கு வரம்பு வைக்காமல் டிக்கெட் விற்றிருக்கிறார்கள். துருவையும் பேராசையையும் பார்த்துவிட்டுத் தொங்குபாலமே ஆகாது என்பது, சமையலறையில் தீப்பிடித்ததால் சமைக்கவே கூடாது என்பதைப் போன்றது. லண்டனில் 2000இல் திறந்த மில்லேனியம் நடைபாலம் கூட்டம் நடந்ததும் பக்கவாட்டில் ஆடியது. இரண்டு நாளில் மூடினார்கள், அதிர்வடக்கிகளைப் பொருத்தினார்கள், 2002இல் திறந்தார்கள். ஒருவரும் சாகவில்லை.

பணமில்லை என்ற பதிலும் வரும். கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் நடுவே 77 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலத்தில் கண்ணாடித் தளம் பதித்த நடைபாலத்தை 37 கோடி ரூபாயில் கட்டி 2024 டிசம்பர் 30 அன்று திறந்தோம். நீர்மட்டம் தாழும்போது சிலைக்குப் படகு போகமுடியாது என்பது உண்மையான சிக்கல், அது தீர்ந்தது, மகிழ்ச்சி. சென்னை மாம்பலத்தில் 2023இல் திறந்த 570 மீட்டர் ஆகாய நடைபாதையும் பயன்படுகிறது, ஏனென்றால் ரயில் நிலையப் பாலத்திலேயே மேலே ஏறிவிட்டவர் அதே மட்டத்தில் நடந்து பேருந்து நிலையம் போய்விடலாம், மின்தூக்கியும் உண்டு. ஆகவே பணமும் இருக்கிறது, அறிவும் இருக்கிறது. பயணியாகப் போனால் பத்து மீட்டர் அகலம், தொழிலாளியாகப் போனால் 43 படி.

அப்படியானால் நெடுஞ்சாலையில் என்ன செய்வது? மனிதனை ஏற்றாமல் சாலையை ஏற்றவேண்டும். லாரிக்கு ஐந்தரை மீட்டர் வேண்டும். நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் மூன்று மீட்டர் உயரம் தாராளம். சாலையை ஓரளவு உயர்த்தி, தரைமட்டத்திலேயே கீழே வழி விட்டால் யாரும் ஒரு படிகூட ஏறவேண்டாம். ஏறும் வேலையை எஞ்சின் பார்த்துக்கொள்ளும். இப்போதுள்ள சுரங்கவழிகள் மழைக்குக் குளமாகின்றன, இரவில் குடிகாரர்களின் இடமாகின்றன என்று பெண்கள் அஞ்சுவது நியாயமானது. தரையைத் தோண்டி இறக்கினால் நீர் நிற்கத்தான் செய்யும். அதனால்தான் தோண்டாமல் சாலையை உயர்த்தச் சொல்கிறேன். ஒரு வாயிலில் நின்றால் மறு வாயிலின் வெளிச்சம் தெரியவேண்டும், வளைவு கூடாது, அகலம் ஏழு மீட்டருக்குக் குறையக் கூடாது, வாயிலை ஒட்டி டீக்கடைக்கு இடம் விடவேண்டும். இரவு ஷிப்ட் விட்டு வரும் பெண்ணுக்குக் கண்காணிப்புக் கேமராவைவிடத் திறந்திருக்கும் டீக்கடை பெரிய காவல். ஊருக்குள் அதுவும் முடியாத இடத்தில் சிக்னல் போட்டு வாகனத்தை நிறுத்துங்கள். யானைக்கு நிறுத்தத் தெரிந்தவர்களுக்கு இது தெரியாததல்ல.

பொம்மசந்திராவரை 2025இல் வந்துவிட்ட பெங்களூர் மெட்ரோவை ஓசூருக்கு நீட்டும் யோசனை சில ஆண்டுகளாகவே அடிபடுகிறது. அது வருமா என்பது இரு மாநிலங்களின் விவகாரம். வந்தால் இந்த நெடுஞ்சாலையை ஒட்டித்தான் வரும். நிலையத்தின் முதல் தளம் எப்படியும் சாலைக்கு மேலே இருக்கும், நகரும் படியும் மின்தூக்கியும் எப்படியும் இருக்கும். டிக்கெட் தடுப்பைச் சற்று உள்ளே தள்ளிவைத்து, இருபுறத் தெருக்களுக்கும் அந்தத் தளத்தை இலவச வழியாகத் திறந்துவிடவேண்டும், மின்தூக்கி சைக்கிள் கொள்ளும் அளவில் இருக்கவேண்டும். வரைபடம் மேசையில் இருக்கும்போதே ஓசூர் மாநகராட்சி உறுப்பினர்கள் கேட்கவேண்டியது இதை.